வீட்டில் இரண்டு சாமிகள்

தை 4, வெள்ளி

பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

இந்த டைரி சிந்துஜா பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் பரிசாக வாங்கியது. "எனக்கு வேண்டாம்மா, நீயே வெச்சுக்க. எப்பப் பாரு காலண்டர் தாளுக்குப் பின்னாலயே எழுதிட்டிருக்கறே" என்று கொடுத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கோயில் சுவர்களில் எழுதியிருக்கும் பாட்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ என் கையெழுத்து தெருவில் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிதாக விழுகிறது. பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மகள் கேலி செய்கிறாள்.

இன்று விடியற்காலை அவர் சபரிமலையிலிருந்து திரும்பினார். கார்த்திகை முதல் தேதி போட்ட மாலை. இந்த இரண்டு மாதமும் இரண்டு வேளைக் குளியல், பட்டறை விட்டால் வீடு, வீடு விட்டால் கோயில். சாமி படத்துக்கு அவரே பூ கட்டினார். சிந்துஜாவோடு உட்கார்ந்து அவள் கணக்குப் பாடத்தில் தப்பு தப்பாக யோசனை சொன்னார். வருடம் பூராவும் கார்த்திகையாக இருக்கக்கூடாதா என்று தோன்றியது. பஞ்சாங்கத்தில் அதற்கு வழியில்லை.

மாலையைக் குருசாமி வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

வரவு: அரவணைப் பாயசம் ஒரு டப்பா, விபூதி, நெய். செலவு: இல்லை.

தை 5, சனி

அவருக்குக் காய்ச்சல்.

தை 6, ஞாயிறு

குழாயடியில் கீழ்வீட்டு ருக்குமணி அக்கா பிடித்துக்கொண்டார். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

"என்ன பூங்கொடி, நேத்துப் பொழுதோட ஒரே சத்தம்? சென்னியப்பன் மறுபடியும் ஊத்திக்கிட்டானா?"

"காய்ச்சலுங்க்கா."

"ஆமாமா. சனிக்கெழமை சம்பளம் வாங்குனா வர்ற காய்ச்சல். எனக்குத் தெரியாதா?"

அக்கா மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். என் பித்தளைக் குடத்தைக்கூட அவர் வீட்டுப் பரணில்தான் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் நாட்களில் பித்தளைக்கு இடம் போதவில்லை.

நாள் முழுக்க நானும் சிந்துஜாவும் மேசை விரிப்புகளுக்குப் பிசிறு வெட்டினோம். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் நாளை எடுக்க வருவார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்கோல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, நான் பழநிக்கு மாலை போடப்போறேன். தைப்பூசத்துக்கு நடந்து" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பதினாறு வயதில் மற்ற பிள்ளைகள் செல்போனுக்கு அழுகிறார்கள்.

"நடுவுல அந்த நாள் வந்துச்சுன்னா கண்ணு?" என்றேன்.

"முருகனுக்கும் அம்மா இருக்கறாங்கள்ல. அவருக்குத் தெரியும்" என்றாள். பிறகு கேட்டாள்: "மாலை போட்டவங்க இருக்கற வீட்டுக்குள்ள எதெல்லாம் வரக்கூடாது?"

"கறி, மீனு, முட்டை."

"சாராயம்?"

"இதென்ன கேள்வி? வாசப்படியே தாண்டக்கூடாது."

"பாட்டில் தாண்டக்கூடாது, சரி. அது உள்ள போயிருக்கற ஆளு?"

"ஆளும்தான்."

"நல்லது" என்று தலையாட்டினாள். இந்த வயதில் முறைகளை இவ்வளவு ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!

தை 8, செவ்வாய்

வெண்ணெய்மலை முருகன் கோயிலில் சிந்துஜா மாலை போட்டாள். பச்சைப் பாவாடை, பச்சைத் தாவணி. இரண்டும் என் பழைய சேலையில் வெட்டியவை. இனி அவளைப் பெயர் சொல்லக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். "சாமி, வீட்டுப்பாடம் முடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. "முடிச்சாச்சு, காப்பி கொண்டு வாங்க" என்று சாமி அதிகாரம் செய்தது.

சாயங்காலம் அவர் வந்தார். மகளைப் பச்சையில் பார்த்ததும் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. ஆனால் காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

தை 12, சனி

பட்டறையில் வேலை அதிகம். செவ்வாயிலிருந்து அங்கேயே தங்கிக்கொள்கிறார்.

தை 13, ஞாயிறு

இன்று நிறைய எழுதவேண்டியிருக்கிறது.

பழநிக்கு நடப்பவர்கள் மடிப்பிச்சை எடுத்துச் செல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருந்தாலும், தாவணித் தலைப்பை மடியாக ஏந்திக்கொண்டு வீடு வீடாக நின்று பிச்சை கேட்கவேண்டும். சாமி முன்னால் எல்லாரும் ஒன்று என்பதற்காக. எங்கள் வீட்டில் மூட்டை இல்லை. ரேஷன் அரிசி நேற்றே தீர்ந்துவிட்டது. அதனால்தான் எனக்குக் கால் கூசியது. வேண்டுதலுக்கு எடுக்கிறோமா, உண்மைக்கே எடுக்கிறோமா என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? சிந்துஜாவோடு படிக்கும் பெண் வீட்டு வாசலும் வந்தது. அவள் நிமிர்ந்தே நின்று "முருகனுக்குப் பிச்சை போடுங்க" என்றாள். நான்தான் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரு முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். நேரே பஸ் கூண்டு கட்டும் பட்டறைக்கு நடந்தாள்.

ஞாயிறு அரை நாள் வேலை. இன்னும் சீட் போடாத ஒரு புது பஸ் நின்றிருந்தது. அவர்தான் அங்கே பெயர் எழுதுகிற பெயிண்டர். அந்த பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். சட்டை நான் செவ்வாயன்று துவைத்துக் கொடுத்த அதே சட்டை. தச்சர்கள், வெல்டிங்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மடியில் காசு போட்டார்கள். கட்டி முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற டிரைவர் தங்கராசு சத்தம் போட்டார்:

"சென்னியண்ணா, சாமி வந்திருக்குது. எந்திரிங்க!"

அவர் எழுந்தார். சட்டைப் பையைத் துழாவினார். கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார். இரண்டும் காதுபோலத் தொங்கின.

"ஒண்ணும் இல்லீங்களே சாமி" என்றார் மகளிடம்.

"நேத்துத்தானப்பா சம்பளம்?" என்று ஒரு வெல்டிங்காரப் பையன் கேட்டுவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டான்.

சிந்துஜா மடியை இறக்கவில்லை. "காசு இல்லீன்னாப் பரவால்லீங்க சாமி. அதுக்கு ஒரு முறை இருக்குது. மடிப்பிச்சைக்கு வந்த சாமிக்குக் குடுக்க ஒண்ணுமில்லாதவங்க, தாங்களே மாலை போட்டுக் கூட நடக்கோணும்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்படி ஒரு மொறை இருக்குதா பூங்கொடி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் விரதம், திதி, நாள், நட்சத்திரம் எது கேட்கவேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். குருசாமியே ஆள் அனுப்பிக் கேட்பார். சாமி விஷயத்தில் நான் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. இப்படி ஒரு முறையை நான் எந்தச் சுவரிலும் படித்ததில்லை.

"இருக்குதுங்க" என்றேன்.

"எந்தப் புஸ்தகத்துலீங்க்கா?" என்றார் தங்கராசு.

"பழைய புஸ்தகமுங்க. இப்பக் கெடைக்காது."

அவர் பட்டறைக் குழாயிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டார். தை மாதக் குளிர் தண்ணீர். பல் தந்தியடிக்க, சொட்டச் சொட்ட எங்களோடு வெண்ணெய்மலைக்கு நடந்தார். மாலை விழுந்தது.

மடியில் சேர்ந்த அரிசி ஒரு மரக்கால் இருக்கும். அது சாமி அரிசி, தொடக்கூடாது. மூலையில் மூடி வைத்திருக்கிறேன். இரவுக்குக் கோதுமை ரவை உப்புமா.

பாக்கி: பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தோப்புக்கரணம். எதற்கென்று எழுதவில்லை. அவருக்குத் தெரியும்.

தை 15, செவ்வாய்

அவர் கை நடுங்குகிறது. காலையில் டம்ளர் தட்டோடு சண்டை போட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய பெயரில் ஒரு எழுத்து கோணிப் போனதென்று முதலாளி அழித்து எழுதச் சொல்லிவிட்டாராம். வியர்க்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று இப்போது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாங்க சாமி" என்றாள். "வயித்துவலின்னு சீட்டு எழுதிக்கலாம்" என்றேன் நான். போனோம். வரிசையில் அவர் வயதில் நிறைய ஆண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் வயிற்றுவலி போல.

தோப்புக்கரணம்: முப்பது முடிந்தது. முழங்கால் கேட்கவில்லை.

தை 19, சனி

இரண்டு சாமிகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசில்லை.

"சாமி, சாமியைக் குளிக்கச் சொல்லுங்க."

"எந்தச் சாமிங்க?"

"பெரிய சாமி."

"பெரிய சாமி தோசை சுட்டுட்டிருக்குதுங்க."

உண்மைதான். மாத்திரை பிடித்துக்கொண்டது. பசி வந்துவிட்டது. பெயிண்டர் ஆனதால் தோசையை வரைகிறார். முதலில் ஓரத்தை வட்டமாக இழுத்துவிட்டு அப்புறம் உள்ளே நிரப்புகிறார். நடுவில் வேகாது. சின்னச் சாமி முகம் சுளிக்காமல் நான்கு தின்றது.

சம்பளக் கவரை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை 29, செவ்வாய், தைப்பூசம்

எழுதுவதற்குக் கை வருகிறது, கால்தான் வரவில்லை. பழநி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

வழியெல்லாம் ஜனம். பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள், சுண்டல் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். சின்னச் சாமிக்குக் கால் கொப்புளம். பெரிய சாமி ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தடவினார். கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். "தூக்கிட்டுப் போகட்டுங்களா சாமி?" என்று கேட்டார். "நீங்க என்னைத் தூக்கினீங்கன்னா ரெண்டு சாமியும் சேர்ந்து விழுவோம்" என்றாள். பாதிப் பாட்டுக்கு மேல் அவருக்கு வரி தெரியாது. மீதிக்கு "அரோகரா" போட்டு நிரப்பிக்கொண்டே நடந்தார். பின்னால் வந்த கூட்டம் அதைத்தான் பாட்டு என்று நம்பிப் பாடியது.

மலையில் சாமி அரிசியைச் சேர்த்தேன். அவர் மொட்டை போட்டுக்கொண்டார். இருவரும் மாலையைக் கழற்றினார்கள்.

படியிறங்கும்போது அவர் வெறும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அடிவாரத்துக் கடை ஒன்றில் சிந்துஜா நின்றாள்.

"சமயபுரத்துக்கு மாலை போடோணும். சித்திரைத் தேருக்கு. ரெண்டு மாலை குடுங்க."

"இதென்ன அம்மிணி, சீசன் டிக்கெட்டா?" என்றார் அவர்.

"ஆமாங்க சாமி. பாஸ் எடுத்தாச்சு."

அவர் சிரித்தார். மொட்டைத் தலையோடு சிரித்தால் குழந்தை மாதிரி இருக்கிறார்.

மாசி 10, சனி

மஞ்சள் உடை இரண்டு பேருக்கும் பொருந்துகிறது. அவர் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தானே போய் வருகிறார். வயிற்றுவலிக்கு அங்கே மாத்திரையோடு உட்கார வைத்துப் பேசவும் செய்கிறார்களாம்.

பித்தளைக் குடத்தை மேலே கொண்டுவந்தேன். இடம் இருந்தது.

மாசி 14, புதன்

ருக்குமணி அக்கா பயமுறுத்திவிட்டார். "ஏன் பூங்கொடி, ஒரு மாலை கழட்டி ஒரு மாலை போடறா. பொட்டப்புள்ள. இப்படியே போனா சாமியாராப் போயிருவாளாட்டிருக்குது. பாத்துக்க."

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மகளிடம் பதமாகக் கேட்டேன்.

"சாமி, உங்களுக்கு இந்தச் சந்நியாசம், ஆசிரமம் அப்படியெல்லாம் எண்ணம்..."

"அம்மா, எனக்குப் பரோட்டா திங்கோணும். சால்னாவோட. கனவுல வருது" என்றாள்.

மாரியம்மனுக்கு ஒரு நெய்விளக்குப் போட்டேன். வேண்டுதல் நிறைவேறியதற்கு.

பங்குனி 9, ஞாயிறு

அவர் மகளின் சைக்கிளுக்கு நீலம் அடித்தார். சங்கிலி மூடியில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர். கோடு நூல் பிடித்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிளோடு வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் எழுதினார். காசு வாங்கவில்லை. ஒரு பையன் மட்டும் தன் எதிரியின் பெயரை எதிரியின் சைக்கிளில் தப்பாக எழுதித்தரச் சொல்லி ஒரு கடலை மிட்டாய் நீட்டினான். மிட்டாயை வாங்கிக்கொண்டு சரியாகவே எழுதினார்.

பங்குனி 26, புதன்

பரீட்சை முடிந்து சிந்துஜா மதியமே வந்துவிட்டாள். பட்டறைக்கு இன்று லீவு, அவர் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அம்மா, சித்திரை ரெண்டாந்தேதி சமயபுரத்தோட இந்த மாலை முடியுது. நம்மூரு மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நடறது சித்திரை இருபத்தெட்டு. கம்பம் நட்டுக் காப்புக் கட்டிட்டா அப்புறம் வைகாசி வரைக்கும் விரதந்தான், கவலையில்ல. நடுவுல இருக்கற நாளுக்கு எந்தச் சாமி?"

"அது காலிதான்" என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். சித்திரை மூன்று முதல் இருபத்தேழு வரை ஏற்கெனவே பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு. அவள் என்னைப் பார்த்தாள். நான் பல்லாரி வெங்காயம் உரிப்பதில் மும்முரமானேன்.

"இதை எப்பம்மா போட்டே?"

"தை மாசம்."

"தை மாசத்துல எப்ப?"

"உனக்கு முந்தி."

அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாலை என் கம்மலில் சிக்கிக்கொண்டது. அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயம்.

"ஆஞ்சநேயருக்குப் போடலாமா?" என்றாள்.

"எந்த மாசமும் போடலாம். தப்பில்ல."

பின்பக்கம் துணி தப்புகிற சத்தம் எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை.

சித்திரை 2, செவ்வாய், சமயபுரம்

தேர் பார்த்தோம். தேர் நகர்ந்தபோது என் பின்னால் நின்றவர் என் தோளைப் பிடித்து ஆட்டிக் கத்தினார். நானும் யாரையோ பிடித்துக் கத்தினேன். அம்மா மஞ்சள் மழையில் வந்தாள்.

பிறகு காவிரிக் கரையில் மாலையைக் கழற்றினார்கள். சிந்துஜா பையிலிருந்து துளசி மணி மாலை ஒன்றை எடுத்தாள். "ஆஞ்சநேயருக்குங்க சாமி. ஒரு மாசங்கூட இல்ல. கம்பம் நடறவரைக்கும்."

அவர் அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுக்கும் ஒரு மொறை இருக்குதா?"

"இருக்குதுங்க. அம்மாகிட்டக் கேளுங்க."

"உங்கம்மா இருக்குதுன்னுதான் சொல்லுவா. பட்டறையில வெச்சே சொன்னவளாச்சே." அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். "அன்னிக்கே தெரியும் எனக்கு. ஆத்தாளும் மகளும் சேர்ந்து பொய் சொல்ற அளவுக்குக் கொண்டாந்துட்டமேன்னுதான் குழாயில போய்த் தலையக் குடுத்தேன்."

சிந்துஜா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் கண்ணு" என்றார். "இத்தன நாளாக் குடிக்கலைங்கறாங்க. ஆரு குடிக்கல? கழுத்துல கெடந்த மாலைதான் குடிக்கல. நான் இருக்கறனா இல்லியான்னு எனக்கே தெரியல. வெறுங்கழுத்தோட நின்னு பாத்தாத்தான் தெரியும்."

"தோத்துட்டீங்கன்னா?" என்றாள் சிந்துஜா. அழுதுவிட்டாள். பரீட்சைக்குக்கூட அழாத பெண். "சனிக்கிழமை வருமேப்பா. சம்பளம் வருமே."

"வரும்" என்றார்.

துளசி மாலையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து வந்தோம். மகள் அவர் தோளில் தூங்கினாள். அவர் தூங்கவில்லை.

சித்திரை 5, வெள்ளி

நாளை சனிக்கிழமை.

சித்திரை 6, சனி

விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் அவர் வரவில்லை. அரிசி ஊறவைத்தேன், ஆட்டினேன், பிசிறு வெட்டினேன், வாசலைக் கூட்டினேன். கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினேன். சிந்துஜா மாடிப்படியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் துளசி மாலை.

"வர்றாரும்மா" என்றாள். பிறகு, "நேரா நடக்கறாரு" என்றாள்.

அவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். சம்பளக் கவரை என் கையில் கொடுத்தார். ஒட்டியதைப் பிரிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"கடைக்குப் போனேன்" என்றார்.

நான் கையிலிருந்த கவரை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தேன்.

"வரிசையில நின்னேன். மறைக்கமாட்டேன். எனக்கு முன்னால நம்ம தங்கராசு. திரும்பிப் பாத்தான். பாத்த ஒடனே கையெடுத்துக் கும்பிட்டு, 'சாமி, நீங்க முன்னால வாங்க'ன்னு ஒதுங்கறான். அவன் ஒதுங்குனதும் அவனுக்கு முன்னால இருந்தவனும் ஒதுங்கறான். மாலை இல்லீங்கப்பான்னு சட்டையத் தொறந்து கழுத்தைக் காட்டறேன். அவன் செருப்பைக் கழட்டிட்டு நிக்கறான்!"

சிந்துஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லமுடியாது. இரண்டும் ஒரே வாயில் வந்தன.

"நானும் சிரிச்சுட்டேன்" என்றார். "பிராந்திக் கடை வரிசையில நின்னு அப்படிச் சிரிச்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சிரிச்சதுக்கப்புறம் அங்க நிக்கறதுக்கு வேலையில்ல. ஆத்துப்பாலம் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்தேன். அதான் நேரமாச்சு."

"தங்கராசு?" என்றேன்.

"அவன் வாங்கிட்டுத்தான் போனான். அவனுக்கு என்ன, சாமி தரிசனமும் ஆச்சு."

சித்திரை 7, ஞாயிறு

ஐந்து மாதம் கழித்து வீட்டில் கோழி. அவரே வாங்கிவந்து அவரே செய்தார். எனக்கு உள்ளூரப் பயம். எங்கள் வீட்டில் கறியும் காய்ச்சலும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டே மனசுக்குள் பெயர் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். காலுக்காக அப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள். "நான் மூணு மாசம் தயிர்சோறு தின்னவ" என்று அவள் பறித்துக்கொண்டாள். இலையை வழித்து எடுத்துவிட்டு அவர் ஏப்பம் விட்டார், படுத்தார், குறட்டை விட்டார். அவ்வளவுதான். கோழி மட்டும் தனியாக வந்துவிட்டுப் போனது.

தூங்கி எழுந்து சொன்னார்: "அடுத்த சனிக்கெழமை பொழுதோட நீங்க ரெண்டு பேரும் பட்டறைக்கு வந்துருங்க. தனியா வர்றதுக்கு எனக்கு இன்னும் தெகிரியம் பத்தல. சேர்ந்து வரலாம்."

"சரிங்க" என்றேன். இதற்கு முறை எதுவும் தேடவேண்டியிருக்கவில்லை.

சித்திரை 13, சனி

போனோம். பிசிறு வெட்டும் கத்தரிக்கோல் இடுப்பில் செருகியிருப்பதைப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

தை மாதம் சீட் இல்லாமல் நின்ற பஸ்ஸுக்கு இன்று சீட், கண்ணாடி, சிவப்பு ரெக்சின் எல்லாம் வந்து, இரண்டு பக்கமும் அவர் எழுத்து மின்னியது. சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் வந்ததும் தங்கராசு கையைத் தட்டினார். "வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாக்கோணும் அண்ணா. ஏறுங்க. வீட்டுக்கிட்ட எறக்கி விட்டறேன். ஏங்க்கா, நீங்களும் ஏறுங்க."

எந்த பஸ்ஸிலும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. இடம் கிடைத்தாலும் யாராவது வயதானவர் வந்துவிடுவார். இன்று முழு பஸ்ஸும் காலி. இந்தப் பக்கம் ஒரு ஜன்னலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அந்தப் பக்க ஜன்னலுக்குப் போனேன். அப்புறம் பின்னால் போனேன். புது பெயிண்ட் வாசம். சிந்துஜா பத்துச் சீட்டில் மாறி மாறி உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கண்டக்டர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டிக்கெட், டிக்கெட்! ஆரெல்லாம் வாங்கலீங்க?"

"ரெண்டு ஃபுல்லு குடுங்க. வீட்டுக்கு" என்றாள் சிந்துஜா.

"சில்லறையாக் குடும்மா. வீட்டுக்கு எவ்வளவுன்னு தெரியுமா?"

"இவ்வளவு நாளாக் குடுத்ததே போதும். பாக்கி நீங்கதான் தரோணும்."

"வாயப் பாரு, உங்கம்மா வாயி."

வண்டி பெரிய சாலையில் திரும்பியது. கடை வந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம் ரோடு வரை நின்றிருந்தது. நான் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிந்துஜா சிரிப்பை நிறுத்திவிட்டாள். கூட்டத்துக்காகத் தங்கராசு வண்டியை மெதுவாக்கினார். நின்றேவிட்டது. யாரோ ஒருவர், புது பஸ் என்று, படியில் காலை வைத்து எட்டிப் பார்த்தார். தங்கராசு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் முழுக்கக் கேலி என்றும் சொல்லமுடியாது.

"அண்ணா, இங்க நம்ம வண்டிக்கு ஸ்டாப் இருக்குதுங்களா?"

அவர் குனிந்து ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்து விட்டார். பிறகு படியில் நின்றவரிடம், "எறங்குங்க அண்ணா, இது எங்கயும் நிக்காது" என்றார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

"போலாம், ரைட்!" என்றார்.